தாம்பரத்தில் எனக்கொரு சின்ன வீடு

காசிக்கும் காஷ்மீருக்கும் போய்வந்து கட்டுரை எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் போனது தாம்பரம். பூங்கா ஸ்டேஷனிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், மின்சார ரயிலில் ஆளுக்கு நாற்பது காசு. எழுபத்திரண்டாம் வருஷம் மே மாதம், ஆபீசுக்கு விடுமுறையான ஒரு சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு முன்பே நானும் என் மனைவி சரோஜாவும் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். அவள் என்னைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூருக்கு அப்பால் நாங்கள் அரை கிரவுண்டு மனை ஒன்று வாங்கிப் போட்டிருந்தோம். முப்பதுக்கு நாற்பது அடி. பக்கத்து மனைக்காரர் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளக் கேட்டார். சரோஜாவின் அண்ணன் நடுவில் நின்று, "அரை கிரவுண்டுல வீடா கட்டுவாங்க? கோழிக்கூண்டு வேணா கட்டலாம். தள்ளிவிட்டுடுங்க மாப்ள" என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர் வருவார். விற்பதா, கட்டுவதா என்று அன்றைக்கு முடிவு சொல்லியாக வேண்டும். நான் கட்டுகிற கட்சி. சரோஜா விற்கிற கட்சி.

அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். திருவல்லிக்கேணியில் ஒரே வாசலுக்குள் ஆறு குடித்தனம், ஆறுக்கும் ஒரே குழாய். எங்கள் பங்குக்கு ஒரு அறை, மாடிப்படிக்கு அடியில் ஓர் அடுப்படி. இந்த இடத்தில் பத்து வருஷம் இரண்டு பெண்களை வைத்துக் குடும்பம் நடத்தியவள் அவள். "சின்னதுல இருக்கறதுக்குத் தாம்பரம் எதுக்கு? இங்கயே இருக்கலாமே. இங்கயாவது மார்க்கெட் பக்கத்துல இருக்கு. கட்டுனா பெரிய வீடா கட்டணும், இல்லன்னா பேசாம இருக்கணும்" என்பாள்.

இதைக்கூட அவள் என்னிடம் உரக்கச் சொன்னது கிடையாது. எங்கள் அறைக்கும் பக்கத்துக் குடித்தனத்துக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் சண்டையெல்லாம் ரகசியக் குரலில்தான். பக்கத்து ரேடியோவில் செய்தி தொடங்கினால் எங்களுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். முக்கியமான வாதங்களை அதற்கென்று எடுத்துவைத்திருப்போம். செய்தி முடிந்ததும் சரோஜா விரலை உதட்டில் வைத்துவிடுவாள். பெரும்பாலும் அது என் முறையாக இருக்கும்.

ஆபீசில் ஒரு நண்பர் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "சேலையூர்ல எங்க சொந்தக்காரர் ஒருத்தர், ஞானராஜ்னு பேரு, ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர். உங்கள மாதிரியே அரை கிரவுண்டுலதான் வீடு கட்டியிருக்காரு. வீட்டம்மாவக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. நான் சொல்லி வைக்கிறேன்" என்றார். பெண்கள் இருவரும் விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தார்கள். "பாத்துட்டு மட்டும் வரலாம். அப்புறமும் வேண்டாம்னா வித்துடலாம்" என்று வாக்குக் கொடுத்து அவளைக் கிளப்பியிருந்தேன்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதிரே ஓர் அம்மாள், கொத்தவால் சாவடியில் வாங்கிய எலுமிச்சம்பழக் கூடையைக் காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாம்பலம் தாண்டியதும் பேச்சுக் கொடுத்தார்.

"இன்னாம்மா, காலங்காத்தால ரெண்டு பேரும் எங்க போய்கினு கீறீங்க?"

சரோஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பெருமையாகச் சொன்னேன்: "தாம்பரத்துல ஒரு சின்ன வீடு பாக்கப் போறோம்மா. நமக்கு இருக்கற வசதிக்கு அதுதான் சரிப்படும்."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சரோஜாவின் பக்கம் திரும்பி, "நீயே கூட்டிகினு போறியா? உனக்கு ரொம்ப நல்ல மன்சும்மா" என்றார். சரோஜாவின் முகம் சிவந்தது. புறப்படும்போது எதற்கோ ஓர் எலுமிச்சம்பழத்தை அவள் கையில் அழுத்திவிட்டு, கிண்டியில் என்னை முறைத்தபடியே இறங்கிப்போனார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று மாதமாக எங்கள் வீட்டில் அந்த வார்த்தை செங்கல், சுண்ணாம்பு என்ற அர்த்தத்திலேயே புழங்கியதில், ஊரார் அதற்கு வைத்திருக்கும் அர்த்தம் என் மண்டையிலிருந்து அடியோடு நழுவிப்போயிருந்தது. சரோஜாவுக்கு நழுவவில்லை. ஆனால் அவள் எனக்குச் சொல்லவும் இல்லை.

மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் ரயில் கூரையை உரசுவதுபோல் இறங்கியதையும், பல்லாவரத்து மலையில் கல் உடைக்கிறவர்களையும் நான் உற்சாகமாகக் காட்டிக்கொண்டு வந்தேன். அவள் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

தாம்பரத்தில் கிழக்குப் பக்கம் இறங்கினால் வரிசையாக சைக்கிள் ரிக்‌ஷாக்கள். முன்னால் நின்றவரிடம் கேட்டேன்: "சேலையூர்ல ஞானராஜ் சாரோட சின்ன வீடு தெரியுமா?"

அவர் பீடியைக் கீழே போட்டார். "இன்னா சார் சொல்ற? டிராயிங் மாஸ்டரா? அவுரு நாயித்துக்கெழம சர்ச்சுல பாட்டுப் பாட்றவரு சார்!"

"அவரேதான். அந்தச் சின்ன வீட்டப் பாக்கத்தான் மெட்ராஸ்லேருந்து வர்றோம். ஆபீஸ்லகூட ரொம்பப் பெருமையாச் சொன்னாங்க."

"ஆபீஸ் வரிக்கும் பூட்ச்சா விசயம்?" என்று அவர் தலையில் கை வைத்தார். "எனுக்கு இந்தப் பேஜாரெல்லாம் வாணாம் சார்." ஆனாலும் ஒரு ரூபாய் என்றதும் ஏற்றிக்கொண்டார். வழியில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, ரகசியம் கேட்கிற பாவனையில் தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார்: "அண்ணே, டிராயிங் மாஸ்டருக்குச் சின்ன வூடு எங்க கீது, தெரியுமா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை அந்தரத்தில் நிறுத்தினார். "அவுருக்கா? அவுரு இருக்கற வூடே தம்மாத்தூண்டு! அதுல சின்ன வூடு வேறயா?"

"அதேதான்! அந்தத் தம்மாத்தூண்டு வீடுதான்!" என்று நான் ரிக்‌ஷாவிலிருந்து கத்தினேன். கத்தி முடித்தபோதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக உறைத்தது. ரயிலில் அந்த அம்மாள் பார்த்த பார்வையும், இவர் போட்ட பீடியும். பக்கத்தில் சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு பொத்த முடியாமல் சிரித்தாள். அன்று காலையிலிருந்து அவள் முதல்முதலாகச் சிரித்தது அப்போதுதான். என் மானம் போனது போகட்டும் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். ரிக்‌ஷாக்காரர்தான் கடைசிவரை எங்களை நம்பவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "டீச்சரம்மா, இவுங்க சாரோட சின்ன வூட்டப் பாக்க வந்துகிறாங்களாம், நீயே கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஞானராஜின் மனைவி ரூபி டீச்சர் நல்ல உயரம், கணீரென்ற குரல். விஷயத்தை நான் திக்கித் திணறிச் சொன்னதும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே திரும்பி, "ஏங்க, உங்களுக்கு இன்னொரு வீடு இருக்குதாமே. இருந்தா முன்னாடியே சொல்லக் கூடாதா? இந்த பீரோவ அங்க கொண்டுபோய்ப் போட்டிருக்கலாமே" என்றார். உள்ளேயிருந்து ஒல்லியாக ஒருவர் பனியனோடு எட்டிப் பார்த்து, சட்டை போட ஓடினார்.

இனி வீடு. போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மனையில் பாதிக்கும் குறைவாகத்தான் கட்டிடம். நடுவில் நின்ற வேப்பமரத்தை வெட்ட மனமில்லாமல், அதைச் சுற்றி வீட்டை 'ட' எழுத்துப்போல மடக்கியிருந்தார்கள். ஒரு பெரிய அறை, ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை. அவ்வளவுதான். சிமெண்ட்டுக்கு பர்மிட் கிடைக்காமல் எல்லோரும் அலைந்துகொண்டிருந்த காலம். இவர் அலையவில்லை. சுண்ணாம்பில் சுவர் எழுப்பி, மரச்சட்டங்களின் மேல் செங்கல் பதித்து மெட்ராஸ் டெரஸ் போட்டிருந்தார். வெளியே அக்கினி நட்சத்திர வெயில் கொளுத்தியது. உள்ளே மின்விசிறி சுற்றவில்லை. கேட்டதற்கு ஞானராஜ் கிழக்கே பெரிய ஜன்னலையும், எதிர்ச்சுவரில் கூரைக்குக் கீழே இருந்த சிறு திறப்புகளையும் காட்டினார்.

"மத்தியானம் பள்ளிக்கரணை சதுப்பைத் தாண்டிக் கடல்காத்து வரும் சார். இந்த வழியா உள்ள வந்து, சூட்டைத் தூக்கிக்கிட்டு அந்த வழியா வெளிய போயிடும். அதுக்கு முன்னாடி கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும். பொய் சொல்லக் கூடாது."

ஜன்னலுக்கு அடியில் நீளமாக ஒரு திண்டு. உட்காரலாம், ஒரு ஆள் படுக்கலாம், மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே பாயும் தலையணையும். சாப்பாட்டு மேஜை சுவரில் கீல் வைத்த பலகை. சாப்பிட்டதும் துடைத்து மடக்கினால் சுவரோடு சுவர். சுவரின் கனத்துக்குள்ளேயே குடைந்த அலமாரிகள். குளியலறைக்கு மேலே பரண். அந்தப் பரணில் ஞானராஜ் தினமும் தலையை இடித்துக்கொள்வதாக டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவர் இடித்துக்கொண்டார். "டிராயிங்ல சரியாத்தான் இருந்துச்சு" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

சரோஜா சாமானில் வசப்படுகிற ஆள் இல்லை. பெண் பார்க்க வந்த மாமியார்போல ஒவ்வொன்றாகத் தோண்டினாள். "பண்டிகைக்கு உறவுக்காரங்க வந்தா?" கிறிஸ்துமஸுக்குப் பதினோரு பேர் வந்ததாகவும், மொட்டைமாடியில் பாய் விரித்ததாகவும் டீச்சர் சொன்னார். "மழை பெஞ்சா?" அதற்கும் பதில் இருந்தது. மாடித் தண்ணீர் குழாய் வழியாகக் கிணற்றில் இறங்கும். கிணறு மதிற்சுவரின் நடுவே, பாதி இவர்கள் பக்கம், பாதி அடுத்த வீட்டுப் பக்கம். குளித்த தண்ணீர் வாழைக்கும், அரிசி கழுவிய தண்ணீர் கீரைப்பாத்திக்கும் போனது. "தெருவுலதான் முழங்கால் தண்ணி நிக்கும், கொசு தூக்கிட்டுப் போகும்" என்று டீச்சர் மறைக்காமல் சொன்னார். அந்த ஒரு பதிலில்தான் சரோஜாவுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன்.

கடைசியாக அவள் சமையலறை வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, திருவல்லிக்கேணிக் குரலில் கேட்டாள்: "டீச்சர், ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா எங்க போவீங்க?"

"எதுக்குப் போகணும்?" என்றார் டீச்சர், அதே கணீர்க் குரலில். "கதவச் சாத்திட்டுக் கத்த வேண்டியதுதான். நம்ம வீடுதானே? முடிஞ்சதும் அவரு வேப்பமரத்தடிக்குப் போயிடுவாரு, நான் காபி போடுவேன்."

சரோஜா வேப்பமரத்தை ஒருதரம் எட்டிப் பார்த்தாள். மீன் குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் சாப்பிட்டோம். இரண்டாம் தடவை குழம்பு கேட்டாள். ஒரு மணிக்கு மேல் சொல்லிவைத்ததுபோல் கிழக்கு ஜன்னலில் காற்று வந்தது. அவள் அந்தத் திண்டில் உட்கார்ந்து, மேல்பலகையைத் தூக்குவதும் மூடுவதுமாக இருந்தாள். நான் அவள் முகத்தைப் படிக்கப் பார்த்து ஒன்றும் தேறாமல் விட்டுவிட்டேன். இந்த வீடும் பிடிக்கவில்லை என்றால் என்னிடம் காட்டுவதற்கு வேறொன்றும் கிடையாது.

நாலு மணிக்கு வெயில் இறங்கியதும், "உங்க மனை பக்கம்தானே, வாங்க, ஒரு கோடு போட்டுப் பாத்துடலாம்" என்று ஞானராஜ் கிளம்பினார். ஒரு கையில் கயிற்றுச் சுருள், இன்னொரு கையில் சுண்ணாம்புப் பொடிப் பை. டீச்சர் வீட்டில் தங்கிவிட, மூன்று பேரும் கருவேல முட்களை ஒதுக்கிக்கொண்டு நடந்தோம். எங்கள் மனையில் நான்கு மூலைக்கல், ஒரு பனைமரம், கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை இருந்தன. சுற்றிலும் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு கிடையாது. தூரத்தில் யாரோ மாடு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

ஞானராஜ் கயிறு கட்டி, வெள்ளைக் கோடு போட்டு அறைகளை வரைந்தார். இங்கேதான் ஒரு வேடிக்கை. மண்ணில் கோடாகக் கிடக்கும்போது எந்த அறையும் கைக்குட்டை அளவுதான் தெரியும். "இதுதான் ஹாலா?" என்று நானே கேட்டுவிட்டேன். "பயப்படாதீங்க சார். சுவர் எழும்பினா பெருசாத் தெரியும். எங்க வீட்டுக்கு இந்தக் கோட்டைப் பார்த்துட்டு ரூபி ரெண்டு நாள் என்கூடப் பேசல" என்றார் அவர். நான் சரோஜாவைத் திரும்பிப் பார்க்கப் பயந்து, காரியத்தில் இறங்குகிறவன்போல, "அப்ப கிச்சன் மேற்கால வந்துடுது, சரிதான்" என்றேன்.

"மேற்காலயா?" என்றாள் சரோஜா.

"ஆமா."

"சாயங்கால வெயில் முழுக்க யாரு மேல அடிக்கும்? நீங்களா நின்னு சமைக்கப் போறீங்க?"

சண்டை என்று தெரிந்ததும் பழக்கதோஷத்தில் நான் குரலைத் தாழ்த்தினேன். "மெதுவாப் பேசு. கிழக்கால வச்சா காத்தெல்லாம் கிச்சனுக்குப் போயிடும், ஹாலுக்கு எதுவும் வராது."

"எதுக்கு மெதுவாப் பேசணும்?" என்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பனைமரம், கருவேலம், அதற்கு அப்பால் வானம். அவள் குரல் ஒரு படி ஏறியது. "காத்து ஹாலுக்கு எதுக்கு? நீங்க சாயங்காலம் ஆறரைக்கு வந்து பேப்பரைப் பிரிச்சிக்கிட்டு உக்காரப் போறீங்க. நாள் முழுக்க வேகறது நானு. கிச்சன் கிழக்காலதான் வரும்!"

"பனைமரம் குறுக்க நிக்குதே!"

"மரம் பாட்டுக்கு மரம் இருக்கட்டும். டீச்சர் வீட்டுல மடக்கலையா? அந்த மாதிரி மடக்குங்க! ஜன்னலுக்குக் கீழ திண்டு வேணும். பரண் உசரமா வேணும், உங்க தலைக்கு மேல! மடக்குற மேஜை வேணாம், எனக்குக் கீழ உக்காந்து சாப்பிட்டாத்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும்!"

நானும் கத்தினேன். பத்து வருஷமாகச் சேர்த்துவைத்த பதில்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. செய்தி முடிந்துவிடுமே என்ற பயமில்லாமல், ஒரு வாக்கியத்தை முழுசாக முடிக்கிற சுகத்தை அன்றுதான் அனுபவித்தேன். அவளும் விடவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, கண்ணெல்லாம் பளபளக்க, அவள் அவ்வளவு அழகாகச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கூட ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

ஞானராஜ் சுண்ணாம்புப் பையோடு நடுவில் நெளிந்துகொண்டு நின்றார். கொஞ்சம் ஓய்ந்ததும் தொண்டையைச் செருமி, "அப்ப... கிச்சன் கோடு எந்தப் பக்கம் போடட்டும் சார்?" என்றார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்குப் புரிந்தது. வீடே வேண்டாம் என்கிறவள் சமையலறை எந்தத் திசை என்று எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்?

"கிழக்கால போடுங்க சார்" என்றேன்.

சரோஜா கோட்டுக்குள் கால் படாமல், வாசல் என்று விட்டிருந்த இடைவெளி வழியாக நுழைந்து, சமையலறைக்குள் போய் நின்றாள். கையை நீட்டி, இல்லாத அலமாரி எட்டுகிறதா என்று பார்த்தாள். எட்டியது போலிருக்கிறது.

ஆறு மணி ரயிலில் திரும்பினோம். டீச்சர் கொடுத்த கீரைக்கட்டு அவள் மடியில் இருந்தது. பல்லாவரம் தாண்டும்போது, "நாளைக்கு அண்ணன் வந்தா நீங்க வாயத் திறக்காதீங்க. நானே சொல்லிக்கறேன்" என்றாள். அதற்கப்புறம் மாம்பலம்வரை திண்டுக்கு என்ன மரம் என்பதைப் பற்றியே பேச்சு. தேக்கு நமக்குக் கட்டாது என்று நான் சொன்னேன், மாமரம் உளுத்துப்போகும் என்று அவள் சொன்னாள். ரயில் சத்தத்தில் இருவரும் தாராளமாகவே பேசினோம்.

திருவல்லிக்கேணிக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். பொது வாசலுக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. எங்கள் அறை, ஞானராஜின் பெரிய அறையைவிட ஒன்றும் ரொம்பச் சின்னது இல்லை. ஜன்னல் இருந்தது, பரண்கூட இருந்தது. ஆனால் வாசற்படி தாண்டும்போதே என் செருப்பு தானாக மெதுவாக நடக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் புறப்பட்ட வீடும் இதேதான். அப்போது இது எனக்குத் தெரியவில்லை.

குழாயடியில் நான்கைந்து குடமும் அதற்குரியவர்களும் வரிசையில் இருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரம்மா மாடிப்படியிலிருந்து கேட்டார்: "என்ன சரோஜா, காலையிலேருந்து ஆளையே காணோம்?"

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரேடியோவில் ஏழேகால் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சரோஜா கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமில்லாதது. பிறகு, பத்து வருஷத்தில் முதல்தடவையாக, ஆறு குடித்தனத்துக்கும் கேட்கும்படி கணீரென்று சொன்னாள்:

"இவருக்குத் தாம்பரத்துல ஒரு சின்ன வீடுக்கா. பாத்துட்டு வர்றேன். எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு."

குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. பக்கத்து அறையில் ரேடியோவை யாரோ அவசரமாகக் குறைத்தார்கள்.